பின் லைட்டுக்கு அடித்த கறுப்பு

நாற்பத்திரண்டு வயதில் ஒருத்தனுக்குப் புத்தி பிசகுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. எனக்கு அலுவலகத்தில் கார் நிறுத்தும் இடமே போதுமாக இருந்தது. எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்த ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து என் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதே மாடல், அதே வெள்ளி நிறம், வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அவருடையது கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோலவும் என்னுடையது மரக்கறி ஏற்றப் புறப்பட்டதுபோலவும் இருந்தது. சுற்றிச்சுற்றிப் பார்த்ததில் வித்தியாசம் பின்பக்கம் என்று பிடிபட்டது. அவர் பின் லைட்டுகளைக் கறுப்பாக்கியிருந்தார். சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று வெளியே தெரியாமல் ஒரு புகைக் கறுப்புக்குள் அடங்கியிருந்தன.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்று பகல் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் வைத்துவிட்டு நான் போனில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே செய்யலாமாம். ஒரு ஸ்ப்ரே டின் போதுமாம். பத்து நிமிஷ வீடியோவில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே செய்து முடித்துவிட்டான். அவனால் முடியும் என்றால் என்னால் முடியாதா என்று தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றிய காரியங்களின் வரலாறு என் மனைவிக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கண்டியில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். வீடு வத்தேகமப் பக்கம். என் வேலையில் பாதி, தமிழில் வரும் கடிதங்களைச் சிங்களத்திலும் சிங்களத்தில் போகும் கடிதங்களைத் தமிழிலும் மாற்றிக் கொடுப்பது. அதற்கென்று தனிப் பதவி கிடையாது. தெரிந்தவன் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான். தேயிலைத் தோட்டத்திலிருந்து யாராவது விண்ணப்பத்தோடு வந்து கவுண்டரில் முழித்துக்கொண்டு நின்றால், அந்தத் தமிழ் மாத்தயாவைக் கூப்பிடுங்கள் என்பார்கள், மாத்தயா என்றால் ஐயா. நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போவேன். ஒரு பாஷையில் சொன்னதை இன்னொரு பாஷையில் இம்மியும் பிசகாமல் சொல்கிறவன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தேன்.

ஸ்ப்ரே டின் பிலிமத்தலாவையில் வாகனச் சாமான் விற்கும் கடையொன்றில் கிடைத்தது. கடைக்காரர் முஸ்லிம். டின்னை என் கையில் தருவதற்கு முன், அதை ஒருமுறை குலுக்கிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பூச்சுக்கு மேல அடிக்க வாணாம் தம்பி. மெல்லிசா அடிங்க. அதுக்கு மேல போனா வெளிச்சம் வெளிய வராது."

"தெரியும் நானா" என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கு எல்லாம் தெரியும்.

சனிக்கிழமை காலை கார்க் கொட்டகையில் வேலை தொடங்கியது. பின்கதவைத் திறந்து, இரண்டிரண்டு திருகாணியைக் கழற்றி, லைட் இரண்டையும் வயரோடு பிரித்து எடுத்தேன். சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன். மெல்லிய மணல் தாளைத் தண்ணீரில் நனைத்து மேலே தேய்த்தேன். பளபளப்புப் போய் ஒரு மங்கல் வந்தால்தான் கறுப்பு ஒட்டும் என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். துடைத்துக் காயவைத்து, பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் இரண்டையும் படுக்கவைத்தேன். முதல் பூச்சு நன்றாகத்தான் விழுந்தது. இரண்டாவது பூச்சில் இடது பக்கத்து லைட் கொஞ்சம் கூடக் கறுத்துவிட்டது. சரிசெய்ய வலதுக்கு இன்னொரு பூச்சு. இப்போது வலது கூடிவிட்டது. இடதுக்கு இன்னொன்று. முடிவெட்டத் தெரியாதவன் கிருதாவைச் சமப்படுத்துகிற மாதிரி மாறிமாறி அடித்து, ஆளுக்கு நான்கு பூச்சு ஆனபின்தான் இரண்டும் ஒன்றுபோல் வந்தன.

பள்ளிக்கூடத்து வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி, வாசனை பொறுக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"காருக்குக் கண்மை போடுறீங்களாக்கும்" என்றாள். "நம்ம கல்யாணத்தன்னிக்கி நீங்க தலை சீவுறதுக்குக்கூட இவ்வளவு மினக்கெடல."

மாலையில் லைட்டுகளைத் திரும்பப் பூட்டினேன். அவளைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். "எரியுதா?" என்று கேட்டேன்.

"மிதிச்சிட்டீங்களா?" என்றாள்.

மிதித்துத்தான் இருந்தேன். அதைச் சொன்னதும் அவள் குனிந்து, உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். "ம், எரியுது. கிட்ட வந்து பாத்தா எரியுது."

"வெயில் நேரா அடிக்குதுல்ல, அதனாலதான்."

"ஓடுற கார கிட்ட வந்து யாருங்க பாப்பாங்க?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. நாள் முழுக்க முதுகு ஒடிய வேலை செய்தவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியவில்லை, குறை மட்டும் கண்ணில் படுகிறது என்று கத்தினேன். நான் கத்தினால் அவள் திருப்பிக் கத்துவதில்லை. "சொல்றத சொல்லிட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். இப்போது எண்ணிப் பார்த்தால், அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினேன்.

அடுத்த மூன்று வாரம் நான் எங்கே காரை நிறுத்தினாலும் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். பக்கத்துக் கார்க்காரர் ஒருநாள் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அன்றைக்கெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு காலை, வாகன நெரிசலில் என் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டி, லைட் பற்றவில்லை மாத்தயா என்று சிங்களத்தில் சொன்னார். பற்றுகிறது, சரியாகப் பாருங்கள் என்று நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கலஹாவில் அலுவலக நண்பர் ஒருவர் புது வீட்டில் குடிபுகுந்தார். மனைவிக்குப் பள்ளிக்கூட வேலை இருந்ததால் தனியாகப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு நாலு மணிபோலப் புறப்படும்போது மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கூடவே தூறல். லைட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். அந்த விஷயத்தில் நான் ஒழுங்கானவன். பேராதனைக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் தேயிலைக்குள்ளிருந்து ஒரு மாடு பாதைக்கு ஏறியது. முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. மாடு பிழைத்தது. அடுத்த கணம் பின்னாலிருந்து டமார் என்று ஓர் ஆட்டோ வந்து மோதியது.

நான் இறங்கிய வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. இறங்கியவன் முதலில் பார்த்தது என் காரின் வலது பின் லைட்டைத்தான். அது நொறுங்கிப்போயிருந்தது. இரண்டாவதாகத்தான் ஆட்டோவைப் பார்த்தேன்.

"கண்ணு தெரியலையாய்யா ஒனக்கு?" என்று கத்தினேன்.

பாதையில் போகிற எவனும் எவனைப் பார்த்தும் கத்துகிற வார்த்தைதான். அந்த ஆட்டோக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். அங்கே அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியில் போய் அடித்து, வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத விதத்தில் திரும்பியிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. இடது கையால் வலது கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு நாளைக்குச் சப்பாத்து இல்லையே, நாளைக்குச் சப்பாத்து இல்லையே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் காலில் போட்டுப் போகும் அதை வாங்கத்தான் இரண்டு பேரும் புறப்பட்டிருந்தார்கள்.

பின்னால் வந்த வேன்காரர் ஒருவர் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக முன்வந்தார். கணவரும் கூட ஏறப் போனார். நான் குறுக்கே நின்றேன். "பொலிஸ் வர்ற வரைக்கும் வண்டிய விட்டுட்டுப் போகக் கூடாது. சட்டம் தெரியாதா ஒனக்கு?" என்றேன். அவர் இறங்கிக்கொண்டார். அன்றைக்கு 'நீ' என்று பேசியவனுக்கு இங்கே 'அவர்' என்று எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வேன் போனபின் அவர் என் காரின் பின்பக்கம் வந்து நின்றார். உடையாத இடது லைட்டைப் பார்த்தார். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. கறுப்புக்குள்ளே ஒரு சிவப்பு, அணைந்துபோகிற பீடி நுனி அளவுக்கு. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய்க் காரின் லைட்டை நிறுத்தினேன். பற்றரி இறங்கிவிடும் என்று ஒரு காரணமும் சொன்னேன், அவர் கேட்காமலே.

வந்த பொலிஸ்காரர்கள் மழைக்குள் அவசரமாக அளவெடுத்தார்கள், அணைந்த லைட்டை எரியவிட்டுப் பார்க்கவில்லை. பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் நல்ல மாதிரியான மனிதர். இரண்டு பேருக்கும் கதிரை போடச் சொன்னார். முதலில் என் வாக்குமூலம். மாடு, மழை, பிரேக், மோதல் என்று சிங்களத்தில் மளமளவென்று சொன்னேன். பிறகு அவருடைய முறை. ஆட்டோ ஓட்டுகிறவருக்குச் சிங்களம் தெரியாமல் இருக்காது. ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை. மனைவி எந்த வார்டில் இருக்கிறாரோ என்ற யோசனையில், கேட்டதற்கெல்லாம் தமிழில்தான் பதில் வந்தது. சார்ஜன் பேனாவை வைத்துவிட்டு, தமிழ் எழுதத் தெரிந்தவர் இன்று லீவு என்றார். என்னைப் பார்த்தார். மாத்தயாவுக்கு இரண்டும் நன்றாகத் தெரியுமே, கொஞ்சம் உதவி செய்யலாமே என்றார்.

மோதியவரின் வாக்குமூலத்தை மோதப்பட்டவன் மொழிபெயர்ப்பது சரியில்லை என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டேன்.

எப்படி மோதியது என்று சார்ஜன் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவர் சொன்னார்: "லைட்டு தெரியலங்க சார். பனிக்குள்ள கார் நிக்கிறதே தெரியல. பிரேக் லைட்டு தெரியவே இல்ல."

இதற்குச் சிங்களத்தில் ஒரு சொல் இருக்கிறது. 'பெனுனே நே' என்பார்கள். கண்ணுக்குப் புலப்படவில்லை என்று அர்த்தம். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். நான் அதைச் சொல்லவில்லை. 'தெக்கே நே' என்றேன். அதற்கு, நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். லைட் தெரியவில்லை என்று அவர் சொன்னார். லைட்டை நான் பார்க்கவில்லை என்று அவர் சொன்னதாக நான் சொன்னேன். ஒரு சொல்தான். அது மாறியதும் குற்றம் என் காரிலிருந்து இறங்கி அவருடைய கண்ணில் ஏறிக்கொண்டது.

வாய் தவறிவிட்டது என்று இரண்டு நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். வாய் தவறவில்லை. பத்து வருஷமாகக் கவுண்டரில் இதைச் செய்கிறவன் நான். அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நின்றேன், இரண்டு சொல்லும் நாக்கில் இருந்தன, எனக்கு வசதியானதை எடுத்தேன்.

அவருக்கும் காதில் விழுந்திருக்கும். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம்கூட இல்லை. படித்தவர், பொலிஸுக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும் போல என்று நினைத்திருப்பார். திரும்பவும் குனிந்துகொண்டார்.

இதைவிடக் கேவலமானது இனிமேல்தான். எழுதி முடித்ததும், அவருக்கு வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்கித் தரச் சொல்லி சார்ஜன் தாளை என்னிடம் தந்தார். நான் தமிழில் வாசித்தேன். அந்த வரி வந்தபோது, தாளில் இருந்ததை வாசிக்காமல், "லைட்டு தெரியல" என்று அவருடைய சொல்லையே வாசித்தேன். தாளில் ஒன்று, காதில் ஒன்று. அவர் தான் சொன்னது அப்படியே இருக்கிறது என்று நம்பித் தலையாட்டி, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, "நீங்க இல்லாட்டி எனக்குச் சொல்லவே வந்திருக்காது சார்" என்று நன்றி சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார்.

மறுநாள் நான் பிலிமத்தலாவைக்கே போய், அதே மாதிரிக் காரிலிருந்து கழற்றிய பழைய பின் லைட் ஒரு சோடி வாங்கிவந்தேன். உடைந்தது ஒன்றுதான். ஏன் சோடியாக மாற்றுகிறீர்கள் என்று மனைவி கேட்கவில்லை. நான் திருகாணி முடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"அந்த ஆட்டோக்காரர் என்னங்க சொன்னாரு?"

"பாக்கலன்னு சொன்னான்."

"அப்படியா சொன்னாரு?"

"பின்ன நான் பொய்யா சொல்றேன்?"

 அன்றிலிருந்து அவள் அந்தக் காரைப் பற்றியே பேசுவதில்லை.

நீதிமன்றத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பாளர் குற்றப்பத்திரத்தைத் தமிழில் சொன்னார். கவனயீனமாக வாகனம் ஓட்டியது. முன்னால் போன வாகனத்தின் வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை என்று நீரே பொலிஸில் சொல்லியிருக்கிறீர், சரியா என்று கேட்டார். ஆட்டோக்காரர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன். சொன்னால் நான் என்ன சொல்வேன் என்றுகூட ஒரு கதை தயாரித்துவிட்டேன்.

"சொல்லியிருப்பேன் சார்" என்றார் அவர்.

குற்றத்தை ஒப்புக்கொண்டார். லைசன்ஸ் மூன்று மாதம் ரத்து. மூன்று மாதம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்று படியிறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று பகல் ஹோட்டலில் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து மாமியாரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். கண்டி ஆஸ்பத்திரியில் காலை நேரத்தில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். மாமியாருக்கு மட்டும் ஒரு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "சார், இங்க வந்து உக்காருங்க" என்றார். அந்த ஆட்டோக்காரர்தான். கையில் டொக்டர் எழுதிக் கொடுக்கும் கிளினிக் கொப்பி.

போகாமல் இருந்திருக்கலாம். அவர் கையைப் பிடிக்காத குறையாக உட்காரவைத்துவிட்டு முன்னால் நின்றார். நான், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், ஆட்டோ ஓடுகிறதா என்று கேட்டேன்.

"இல்லங்க சார். தம்பிகிட்ட குடுத்துட்டேன். லைசன்ஸ் கையில வந்திருச்சு, ஆனா நான் ஓட்டுறதில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு சரியில்ல போல. டொக்டர் ரெண்டு தடவ பாத்துட்டாரு. ஒண்ணுமில்லங்குறாரு. ஆனா யோசிச்சுப் பாருங்க சார், முன்னால போற கார் லைட்டு எரியுது, எனக்குத் தெரியலன்னா என்ன அர்த்தம்? அன்னிக்கி நீங்ககூட கேட்டீங்க."

நான் என்ன கேட்டேன் என்று ஒரு கணம் எனக்கு நினைவு வரவில்லை. பிறகு வந்தது: கண்ணு தெரியலையாய்யா ஒனக்கு?

அவர் சொல்லிக்கொண்டே போனார். இப்போது தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்குப் போகிறாராம். சாய்ந்திரமானால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் நடக்கவும் பயமாக இருக்கிறதாம். இன்றைக்கு மூன்றாவது தடவை பார்க்க வந்திருக்கிறார், இந்தத் தடவையாவது டொக்டர் வருத்தத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று. நல்ல கண்ணில் இல்லாத நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு மனிதர் நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். இரண்டு சொல்லில் அதைத் தீர்த்திருக்கலாம். மாமியாருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். "வர்றேன் தம்பி" என்று எழுந்தேன். நம்பர் கூப்பிட்டார்களே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு பூச்சிலிருந்து கையெழுத்து வரைக்கும்.  திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "என்கிட்ட சொல்லி என்னங்க பிரயோசனம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை, வாக்குமூலத்தில் அவர் சொன்ன ஊரான கலஹாவுக்குப் போனேன். காரை எடுக்க மனம் வரவில்லை, பஸ்ஸில் போனேன். ஆட்டோ நிறுத்தும் இடத்தில் விசாரித்ததில் அவருடைய தம்பியே ஏற்றிக்கொண்டு போய், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் விட்டார். அண்ணன்காரர் என்னைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போய் ஒரு நல்ல கதிரை வாங்கிவந்து போட்டார். அந்தப் பெண் உள்ளேயிருந்து தேநீரும் ஒரு தட்டில் பிஸ்கட்டும் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக, இடது கையால் வைத்தார். வலது மணிக்கட்டு கோணலாகவே பொருந்தியிருந்தது. கொழுந்து பறிக்க அந்தக் கை வளைவதில்லை என்று அவர் கணவர் சொன்னார். இலேசான வேலைதான் கொடுக்கிறார்களாம்.

அந்தப் பெண் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஒங்க கண்ணுல ஒண்ணுமே இல்ல தம்பி. என் காரோட லைட்ட நான்தான் கறுப்படிச்சு வச்சிருந்தேன். யாருக்குமே தெரிஞ்சிருக்காது. நீங்க தெரியலன்னுதான் சொன்னீங்க. நான்தான் பாக்கலன்னு மாத்திச் சொன்னேன்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் சொன்னது சரிதானுங்களா சார்?"

"சரிதான்."

பொலிஸுக்குப் போய் எழுதிக் கொடுக்கிறேன், வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன் என்றேன். "அதெல்லாம் வேணாங்க சார், முடிஞ்சது முடிஞ்சு போச்சு" என்றார். அதைக் கேட்டதும் என் நெஞ்சு இலேசாகியது. அப்படி இலேசானதற்கு அந்த இடத்திலேயே என்னை நான் வெறுத்தேன்.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க" என்றார் அவர். "இத அவகிட்ட ஒரு தடவ சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. இனி நான் ஓட்டுற எதுலயும் ஏற மாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டா. புள்ளைகளையும் ஏத்த விட மாட்டாளாம். குடிச்சிருந்தியான்னுகூட கேட்டுட்டா சார்."

அவர் கூப்பிட, அந்தப் பெண் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நான் கதிரையிலிருந்து எழுந்தேன். மூன்றாம் தரமாகச் சொன்னேன். கணவர்மேல் தப்பு இல்லை, அவர் குடித்திருக்கவில்லை, அவருடைய கண் நன்றாக இருக்கிறது, கறுப்படித்தது நான், பொய் சொன்னது நான். அந்தப் பெண் முழுவதையும் கேட்டார். கோபப்படுவார், சாபம் விடுவார், தேநீரை எடுத்துக் கொட்டுவார் என்று எதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"லைட்டுன்னா தெரியிறதுக்குத்தானே சார்? அத எதுக்குங்க கறுப்பாக்குனீங்க?"

பொய் சொல்ல அந்த நேரத்திலும் ஒன்றிரண்டு காரணம் வந்தது. கண்ணாடி வெடித்திருந்தது, யாரோ செய்யச் சொன்னார்கள் என்று. அவருடைய கோணிய மணிக்கட்டு கண்ணில் பட்டது.

"அழகுக்கு" என்றேன்.

அவர் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார்.

"அழகுக்காம்" என்றார்.